பாகு வாசனை

அல்மெடா நோல்ட்டின் வீட்டில் எல்லாம் இருக்கும், மேப்பிள் பாகு மட்டும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தால் மேசை கொள்ளாமல் பரப்பிவிடுவாள். பன்றித்தொடை, உருளைக்கிழங்கு மசியல், காடியில் ஊறிய பீட்ரூட், பழம் அடைத்துச் சுட்ட பை வகைகளே இரண்டு மூன்று. இரவு தங்கியவர்களுக்குக் காலையில் பேன்கேக் சுட்டுப்போடுவாள். ஊற்றிக்கொள்ள வெல்லப்பாகுதான் வரும். "மேப்பிள் பாகு இல்லையா?" என்று யாராவது கேட்டால், "எங்க வீட்ல அது ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். டீக்கன் பெண்டாட்டிக்குக் கை கொஞ்சம் இறுக்கம் என்று எங்கள் லேங்காஸ்டர் பக்கத்து மெனோனைட் சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயைக் கட்டவா முடியும்.

மேலனை அவள் கட்டிக்கொண்டபோது அவன் டீக்கன் இல்லை. சோளமும் கறவை மாடும் வைத்திருந்த விவசாயி. சிரித்தால் காது அசையும். அந்தக் காதைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சபையில் சீட்டுப் போட்டு அவன் பெயருக்கு டீக்கன் வேலை விழுந்தது பிறகு நடந்தது. சபை ஒழுங்கை மீறியவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிப்பது டீக்கனின் பொறுப்பு. அது வந்த நாளிலிருந்து காது அசைவது நின்றுவிட்டது.

முதல் பிள்ளை ஈலம். வீட்டிலேயே பிறந்தான், கொழுகொழுவென்று. ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார் பெர்த்தா, குழந்தையின் துணியை மாற்றும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோய்விட்டுக் கத்தினாள்.

"ஏ அல்மெடா, இங்க வாயேன்! உன் புள்ள மூத்திரம்கூட இனிக்குதுடி. பேன்கேக் மேல ஊத்தித் தின்னலாம் போல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அல்மெடாவும் சிரித்தாள். பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து அந்த வாசனையை ஆசை தீர இழுத்தாள். மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் இடத்தில் நின்றால் வருமே, அதே வாசனை. மறுநாள் ஈலம் பால் குடிக்க மறுத்தான். அதற்கடுத்த நாள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை அவன் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து காபி குடிக்கும்போது பெர்த்தா சொன்னாள்: "கர்த்தருக்கு அந்த வாசனை புடிச்சிருச்சு போல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அல்மெடா அவளை இன்றுவரை மன்னிக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் இராப்போஜனத்துக்கு முன்னால், எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறேன் என்று சபையில் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். அல்மெடாவும் சொல்கிறாள். சுத்தப் பொய்.

பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பேரும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ரகம். அப்புறம் ரோடா. அவள் பிறந்த சில நாளில் தொட்டிலின் மேல் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. இந்த முறை அல்மெடா சிரிக்கவில்லை. சபைக்கு வெளியே இருப்பவர்களை நாங்கள் ஆங்கிலேயர் என்போம்; அப்படிப் பக்கத்தில் இருந்த ஒருவரின் காரைப் பிடித்து, வெளியே போகையில் தொப்பிக்கு மேல் கட்டும் பானெட் கூடக் கட்டாமல், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரோடா பிழைத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ரோலண்ட் மாதாமாதம் வீட்டுக்கே வந்து குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். நெடுநெடுவென்ற மனிதர், எங்கள் வாசல் நிலைகள் எல்லாவற்றிலும் தலையை இடித்துக்கொண்டவர். ஒரு நாள் அவர் வந்தபோது அல்மெடா பாலாடைக்கட்டிக்குப் பால் வைத்திருந்தாள். வெதுவெதுப்பான பாலில் ரென்னட் மாத்திரையைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை ஊத்தலேன்னா என்ன ஆகும், அல்மெடா?"

"என்ன ஆகும்? பால் பாலாவே கெடக்கும். அப்புறம் கெட்டுப்போகும்."

"இவ்வளவு பாலுக்கு இத்துனூண்டு மாத்திரை போதுமா?"

"தாராளமா."

"ஏன் போதும் தெரியுமா? அது செலவாகாது. ஒரு எடத்துல வேலைய முடிச்சிட்டு அடுத்த எடத்துக்குப் போயிடும். அதுக்குப் பேருதான் என்சைம். நம்ம உடம்புக்குள்ள இந்த மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கு. இதெல்லாம் இல்லேன்னா, நீங்க காலைல தின்ன ரொட்டியை உடைக்கணும்னா உடம்பை அடுப்புல தூக்கி வெக்கணும். இது இருக்கறதால இந்தச் சூட்டுலயே காரியம் நடக்குது. ஆனா ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். அடுத்தவன் வேலையத் தொடாது."

"எங்க மேலன் மாதிரி," என்றாள் அல்மெடா.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கறியோ பாலோ முட்டையோ, எதைத் தின்னாலும் உடம்பு துண்டு துண்டாப் பிரிச்சுடும். அதுல மூணு வகைத் துண்டை மேற்கொண்டு உடைக்க ஒரு என்சைம் வேணும். ரோடாவுக்கு அது வேலை செய்யாது. உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் பாதிப் பாதிக் குறை இருந்திருக்கு, புள்ளைக்கு முழுசா வந்திருச்சு. உடையாத துண்டெல்லாம் தேங்கி மூளையைப் போய் அடிக்கும். அந்த வாசனை அதுதான்."

"அப்ப கறி, பால் எதுவும் குடுக்காம இருந்தா சரியாப் போச்சு."

"அங்கதான் வில்லங்கமே இருக்கு. உடம்பு எப்பவும் அடுப்பை அணைக்காது. தூங்கும்போதுகூட எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். வெறகு வரலேன்னா வீட்டுப் பலகையைப் பிடுங்கிப் போட்டு எரிக்கும். இவ பட்டினி கெடந்தா, இவ சதையவே கரைச்சு எரிப்பா. சதைன்னா என்ன? அதுவும் கறிதான். அதே மூணு துண்டு உள்ளேயிருந்தே கெளம்பும். காய்ச்சல், சளின்னு வந்துட்டா இன்னும் வேகமா."

"அப்படீன்னா இவ சாப்பிடாம இருந்தா..."

"தன்னையே சாப்பிடுவா. அதனால ஒரு வேளைகூடத் தவறக்கூடாது."

அல்மெடா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்களில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அன்றிலிருந்து சமையலறையில் தராசுதான் எஜமான். உருளைக்கிழங்கை நிறுத்தாள், பட்டாணியை நிறுத்தாள், அரிசியை நிறுத்தாள். உடையாத அந்த மூன்றையும் நீக்கிச் செய்த மாவு ஒன்று டப்பாவில் வரும். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்கும். அதைக் கரைத்து வேளாவேளைக்கு ரோடாவுக்குக் கொடுத்தாள். அந்தக் கோப்பைதான் ரோடாவின் உயிர்.

ரோடாவும் அதைக் குடித்துக்கொண்டே வளர்ந்தாள். என்ன வளர்த்தி! வாய் என்றால் வாய். பிஷப் டைட்டஸ் ஹூவர் தொண்டையைச் செருமுவதை அப்படியே செய்து காட்டுவாள். தையல் வராது, ஆனால் தகப்பன் காகிதம் தேடுவதற்குள் பால் கணக்கை வாயாலேயே சொல்லிவிடுவாள். "என்னைக் கட்டிக்கப்போறவன் குடுத்து வெச்சவன்மா," என்பாள். "கல்யாண விருந்துல பொண்ணுக்கு ஒரு உருளைக்கிழங்கு போதும். மிச்சமெல்லாம் லாபம்." அல்மெடா கையிலிருக்கும் துணியால் அவளை அடிப்பாள். அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இனி உபவாசத்துக்கு வருகிறேன். இராப்போஜனத்துக்கு முன் வரும் உபவாச நாளில் எங்கள் வீடுகளில் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆராதனை முடிந்து திரும்பிய பிறகுதான் தட்டு எடுப்போம். ரோடாவுக்கு மட்டும் கோப்பை உண்டு. அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு உபவாச நாளில் பெர்த்தா பிள்ளைகளோடு வந்திருந்தாள். எல்லோரும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்க, ரோடா மேசையில் காலை ஆட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்கெல்லாம் ஜெபத்துல இருக்கோம், இந்தப் புள்ள மொடக்கு மொடக்குனு குடிக்குது," என்றாள் பெர்த்தா. "என் பசங்க வாயைப் பாரு, எச்சி ஒழுகுது. இத்தனைக்கும் டீக்கன் வீடு!"

மேலன் டீக்கனாகி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"சாமான் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கட்டும். அவ்வளவுதானே," என்றான்.

அவ்வளவுதானே என்று அல்மெடாவும் நினைத்தாள். பிள்ளையின் கையில் கோப்பையைக் கொடுத்து, ஜாடிகளுக்கு நடுவில் நிற்கவைத்து, கதவைச் சாத்தினாள். அடுத்த உபவாச நாளில் ரோடா தானாகவே போய்ச் சாத்திக்கொண்டாள். வர வர, வெளியார் யார் வந்தாலும் கோப்பையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்விடுவாள். ரோலண்ட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் ரத்தத்தில் தெரிகிற சமாசாரம் இல்லையே இது.

பதினேழு வயதில் ரோடா ஞானஸ்நானம் எடுத்தாள். அந்த இலையுதிர் காலத்தில் முதல் இராப்போஜனம். சபை அங்கத்தினளாக முதல் உபவாசம். பிஷப் டைட்டஸே அவளைக் கூப்பிட்டு, "உனக்கு விலக்கு உண்டும்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதே," என்று சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் தோழிகள் முன்னால் சொன்னார்.

உபவாசத்துக்கு முந்தின இரண்டு நாளும் வீட்டில் மாட்டுத்தீவனக் குதிரான சைலோவை நிரப்பும் வேலை. ஆட்களுக்கு ஆக்கிப்போட்டே அல்மெடாவுக்கு இடுப்பு ஒடிந்தது. ரோடாவுக்குச் சளி பிடித்திருந்தது.

"கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கேன், முழுசாக் குடிச்சியா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"குடிச்சாச்சு," என்று சாமான் அறைக்குள்ளிருந்து குரல் வரும். காலிக் கோப்பை வெளியே வரும். ஆட்கள் நிறைந்த வீடு, அதனால் கதவு சாத்தியிருந்தது. யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

உபவாச நாள் காலை, குதிரை வண்டியில் நல்ல காற்று. ஒன்றும் தெரியவில்லை. ஆராதனை வீட்டின் முன்னறையில் பெண்கள் பானெட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரோடாவின் பானெட்டை வாங்க அல்மெடா கை நீட்டினாள். அதிலிருந்து வந்தது அந்த வாசனை.

அவள் மகளின் காதருகே குனிந்தாள்.

"நீ இன்னிக்குக் குடிக்கல."

"அம்மா, மெதுவா."

"ஏண்டி குடிக்கல?"

"இன்னிக்கு ஒரு நாள்மா. எல்லாரும் மாதிரி ஒரே ஒரு நாள். ஆராதனை முடிஞ்சதும் குடிச்சிடறேன்."

அல்மெடாவின் பையில் எப்போதும் சர்க்கரை மிட்டாய் இருக்கும். ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தாள். "வாயில போடு. இப்பவே."

"இங்கயா?" ரோடாவின் கண் சுற்றிலும் போனது. பெர்த்தா பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா முன்னால உக்காந்திருக்காரு. என்னை அசிங்கப்படுத்தாதம்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அப்போதே இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். அல்மெடாவுக்குத் தெரியும். அந்த வாசனையின் அர்த்தம் அங்கிருந்த அத்தனை பேரிலும் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் ஆராதனையிலிருந்து ஒரு டீக்கன் பெண்டாட்டி மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே போவது எங்களிடம் யாரும் கண்டதில்லை. ஒரு காலை தவறினதுதானே, ஒரு பிரசங்க நேரம்தானே என்று நினைத்தாள். தெரிந்தே போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கென்று டைட்டஸ் நிறுத்தவே இல்லை. சரீரத்தை ஒடுக்குவதைப் பற்றிப் பேசினார். மாமிசம் கேட்பதைக் கொடுக்காதே என்றார். பட்டினியில் ஆத்துமா பலப்படும் என்றார். இரண்டு வரிசை முன்னால் ரோடாவின் வெள்ளைத் தொப்பி மெல்ல ஒருபக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. அல்மெடா அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாக்கியத்தோடு முடித்துவிடுவார், இதோடு முடித்துவிடுவார் என்று அவள் காத்திருக்கக் காத்திருக்க, அவர் இன்னொரு வசனத்துக்குப் பக்கம் புரட்டினார்.

ஒருவழியாக எல்லோரும் திரும்பி பெஞ்சைப் பிடித்து முழங்கால் போட்டார்கள். மௌன ஜெபம். அந்த மௌனத்துக்குள் ரோடா சிரித்தாள். "கூரை மேல மாடு ஏறுது பாருங்க," என்றாள், குழறிய நாக்கோடு. யாரும் தலையைத் தூக்கவில்லை. ஜெபத்தில் தலையைத் தூக்கக்கூடாது. பிறகு அவள் பெஞ்சிலிருந்து சரிந்து பலகைத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"ரோடா!"

அந்தக் கட்டடத்தில் ஒரு பெண்ணின் குரல் அப்படி எழுந்ததே இல்லை. பக்கத்துப் பண்ணைக்குப் போன் பண்ண ஓடினவர்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், வாய்பிளந்து நின்றவர்கள் யாரையும் அல்மெடா பார்க்கவில்லை. மகளின் கையை விரித்தாள். மிட்டாய் காகிதத்தோடு அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். மூளை வீங்கிவிட்டது என்றார்கள். ரோலண்ட் அல்மெடாவைத் தனியாக அழைத்தார். "ஒரு காலைப் பட்டினியில இவ்வளவு ஆகாது, அல்மெடா. ரெண்டு நாளாவது ஆகியிருக்கணும்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேராகச் சாமான் அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே செலரிப் பாத்தியில், இலைகள் மேல், அந்த மாவு வெள்ளையாகக் காய்ந்து அப்பிக் கிடந்தது. எல்லோரும் ஒரு காலை பசித்திருக்கும்போது, தான் இன்னும் அதிகம் இருந்து காட்டவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அத்தனை வருட விலக்குக்கும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டாள் போல.

முதல் பனி விழுவதற்குள் ரோடா வீட்டுக்கு வந்தாள். உயிர் திரும்பி வந்தது, ரோடா திரும்பி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேள்வி கேட்டால் பதில் வர வெகு நேரம் ஆகும், சில சமயம் வரவே வராது. பால் கணக்குச் சொன்ன பெண்ணுக்குக் கோழி முட்டையை எண்ண வரவில்லை. டைட்டஸைப் போலச் செருமிக் காட்டு என்று அண்ணன் ஒரு நாள் கேட்டான். யார் டைட்டஸ் என்று கேட்டாள்.

டைட்டஸ் பார்க்க வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ன ஒரு தாழ்மை இந்தப் பொண்ணுக்கு. நம்ம வாலிபப் பிள்ளைங்களுக்கு இவ ஒரு சாட்சி."

"தாழ்மை இல்ல, டைட்டஸ். வெக்கம்," என்றாள் அல்மெடா.

"தேவனுடைய சித்தம்..."

"வயித்துக்கு ஒரு கோப்பை போயிருந்தா தேவனுடைய சித்தம் வேற மாதிரி இருந்திருக்கும். நீங்க பட்டினி கெடந்தா உங்க கொழுப்புதான் கரையும். எம்பொண்ணு பட்டினி கெடந்தா அவளையே தின்னுடுவா. தின்னுட்டா. மிச்சம்தான் அங்க உக்காந்திருக்கு."

"அல்மெடா!" என்றான் மேலன். டைட்டஸ் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று, உனக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

வசந்தத்தில் அடுத்த உபவாச நாள் வந்தது. விடிந்ததும் அல்மெடா அடுப்பை மூட்டினாள். சோளக் களித் துண்டுகளைப் பன்றிக்கொழுப்பில் போட்டாள். காபி வைத்தாள். சாலையைப் பார்த்த ஜன்னலின் பச்சைத் திரையை மேலே சுருட்டிவிட்டு, மேசையை அந்த ஜன்னலை ஒட்டி இழுத்துப்போட்டாள். ரோடாவைக் கூட்டிவந்து உட்காரவைத்து, கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

ஆராதனைக்குக் கிளம்பிய மேலன் தொப்பியும் கையுமாக வந்து நின்றான். சாலையில் வண்டிகள் போக ஆரம்பித்திருந்தன. பெர்த்தாவின் குதிரை வேகம் குறைந்து, பிறகு நகர்ந்தது.

"திரையையாவது எறக்கு, அல்மெடா."

"பாக்கட்டும்."

"உபவாச நாள்ல டீக்கன் வீட்டுப் புகைபோக்கி புகையுதுன்னு என்கிட்டதான் வந்து சொல்லுவாங்க. நான்தான் விசாரிக்கணும்."

"விசாரி. கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கச் சொன்னது யாருன்னு முதல்ல விசாரி. சாத்தினது யாருன்னும் கேளு, நானே சொல்றேன்."

அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரோடா எழுந்திருந்தாள். ஒரு கையில் கோப்பை தளும்ப, மறு கை சுவரைத் தடவ, அடி மேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். தன் வயதையும் தோழிகள் பெயரையும் மறந்த பெண், யாரும் காட்டாமல் நேராகச் சாமான் அறைக்குள் போனாள். ஜாடிகளுக்கு நடுவில், சின்ன வயதில் நின்ற அதே இடத்தில் நின்றாள். அங்கிருந்தே கதவை இழுக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை.

அல்மெடா ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள். "வாடி கண்ணு. மேசைல உக்காந்து குடி. இனிமே இங்க வேண்டாம்."

ரோடா அவளை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"கதவைச் சாத்தும்மா. அப்பாவுக்கு அசிங்கம்."

மேலனின் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனியவில்லை. அடுப்பில் களி கருகத் தொடங்கியிருந்தது. அல்மெடா கதவைப் பிடித்தபடியே நின்றாள், சாத்தவும் முடியாமல், விடவும் முடியாமல். உள்ளே ரோடா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அவசர அவசரமாகக் குடித்தாள்.